கையைக் காட்டுங்க, மிஸ்

கல்லூரிச் சாப்பாட்டுக்கூடங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமாரே, உணவு ஒவ்வாமை பற்றி உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனிப் பலகை எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதையே நானும் எழுதினால் இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி விடுவீர்கள். ஓய்வு பெற்ற மனுசிக்கு வேறு வேலை இல்லை என்றும் சொல்வீர்கள். ஆகவே ஒரே ஒரு நோன்பு மாதத்தில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பல வருடம் அந்தக் கூடத்துக்கு மேற்பார்வையாளராக இருந்தவள் நான். சோறு பதமாக வேகுமா, குழம்பு எல்லோருக்கும் காணுமா என்பதைத் தவிர அங்கே நான் பெரிதாக எதையும் நினைத்ததில்லை. அந்த மாதத்துக்குப் பிறகுதான், உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாமா என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது.

எங்கள் கல்லூரி வாவிக்கரையில், காத்தான்குடிக்குக் கிட்ட இருந்தது. சமையல் குசினியின் பின்கதவைத் திறந்தால் தண்ணீர்தான். விடியற்காலையில் தோணிக்காரர்கள் அந்தக் கதவுக்கே இறால் கொண்டுவந்து தருவார்கள். அதனால் இறால் எங்களுக்கு விசேசச் சாப்பாடு அல்ல. கறியில், பொரியலில், சொதியில் எங்கும் இருக்கும். சம்பலுக்குள்கூடக் கூனியை, அதுதான் அந்தப் பொடிச் சின்ன இறாலைக் காயவைத்து இடித்துப் போடுவோம்.

சாப்பிட வருபவர்களோ பலவிதம். வெள்ளிக்கிழமையானால் பாதிப்பேர் மரக்கறி. களுதாவளைப் பிள்ளையாருக்குத் திருவிழா தொடங்கினால் ஒரு பக்கத்து வாங்கில் இருப்பவர்கள் முழுவதும் மரக்கறி. முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஹலால் இறைச்சி. பாலைக் கண்டால் வயிறு கலங்கும் ஒருவர், சீனி வருத்தக்கார விரிவுரையாளர் ஒருவர். நூடில்ஸ் தவிர வேறு எதுவும் தனக்கு ஒத்துவராது என்று சத்தியம் செய்யும் பையனும் எல்லா வருடமும் ஒருவன் இருப்பான். அவனுக்கு ஒவ்வாதது கத்தரிக்காய் மட்டுமே என்பது எனக்குத் தெரியும்.

நஸ்லியாவின் கதை அப்படியல்ல. காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவரின் மகள். இறால் பட்டால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். சேர்க்க வந்த அன்றே அவளுடைய வாப்பா என் மேசைக்கு முன்னால் நின்று மூன்று தரம் சொன்னார். நாங்களும் விளையாட்டாக எடுக்கவில்லை. அவளுக்கென்று நீல மூடிச் சட்டி, தனிப் பீங்கான், ஜன்னலோரம் தனி மேசை. அந்த மேசையில் வேறு யாரும் சாப்பிடக்கூடாது என்று கட்டளை போட்டேன். முதல் தவணை முழுவதும் அவளுக்குத் தும்மல்கூட வரவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"தனிய இருந்து சாப்பிடக் கஷ்டமா மகள்?" என்று கேட்டால், "பரவாயில்ல மிஸ்" என்பாள். எப்போது கேட்டாலும் அதே பதில்தான். ஒரு பிள்ளை பரவாயில்லை என்று அடிக்கடி சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் முஸ்லிம் பிள்ளைகள் சஹன் வைத்துச் சாப்பிட ஆசைப்பட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அதில் சோற்றைக் குவித்து, கறியை மேலே வைத்து, சுற்றி இருந்து எல்லோரும் கையால் சாப்பிடுவார்கள். அதில் அழகான ஒரு மரியாதை உண்டு. நல்ல இறைச்சித் துண்டு தன் பக்கம் கிடந்தால் தானே எடுத்துத் தின்ன மாட்டார்கள். விரலால் மெல்லப் பக்கத்தில் இருப்பவர் முன்னால் தள்ளி விடுவார்கள். அவர் திரும்பத் தள்ளுவார். இப்படி ஒரு கோழிக்கால் சஹனைச் சுற்றி ஊர்வலம் போவதை நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

முதல் வெள்ளி பின்னேரம் நஸ்லியா குசினிக்கு வந்து எங்கள் கோக்கியிடம் ஏதோ கேட்டாள். கோக்கி களுதாவளை ஆள். சமையல்காரர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார், கோக்கி என்றால்தான் முகம் மலரும்.

"அண்ணன், சஹனில இறால் சேருமா?"

"இல்ல மகள். சோறும் கோழியும்தான். உன்ட சட்டிக்குக் கிட்டயே வச்சு ஆக்கினது. வடை மட்டும் இறால். அத வெளியில கொட்டில்லதான் பொரிக்கிறன், வேற எண்ணெய்த் தாச்சியில."

அவர் சொன்னது முழு உண்மை. அவ்வளவு கவனமாகத்தான் எல்லோரும் இருந்தோம். பாங்கு சொன்னது. பிள்ளைகள் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, வடை தின்று, தொழுதுவிட்டு வந்து சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜன்னலோர மேசையைப் பார்த்தேன். நஸ்லியாவின் பீங்கான் கவிழ்த்தபடி கிடந்தது. அவள் சஹனில், தன் அறைத்தோழி பர்ஹானாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. எழுப்புவதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, பர்ஹானா தன் முன்னால் கிடந்த கோழித் துண்டை விரலால் நஸ்லியா பக்கம் தள்ளினாள்.

அந்த விரல் சற்று முன் இறால் வடை தின்ற விரல். தண்ணீரால் கழுவியிருந்தாள். ஆனால் எண்ணெய் தண்ணீருக்கு விட்டுப் போகாது. குசினி முழுவதும் வேலி போட்ட எங்களுக்கு ஒரு பிள்ளையின் அன்புக்கு வேலி போடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் நஸ்லியா எழுந்து கழுவும் இடத்துக்குப் போனாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இதை மட்டும் மனதில் எழுதி வையுங்கள்: ஒவ்வாமை வந்த பிள்ளை சத்தம் போடாது. வெட்கப்பட்டு ஒதுங்கிப் போகும். தனியாகப் போகும் பிள்ளைக்குப் பின்னால் நீங்கள் போக வேண்டும். நான் போனேன். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு தடித்திருந்தது. "ஒண்டுமில்ல மிஸ்" என்றாள். குரல் அவளுடைய குரலாக இல்லை.

கூடம் கலைந்தது. ஒருத்தி தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். இன்னொருத்தி அறையில் படுக்க வைக்கலாம் என்றாள். வாப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்றார் விடுதிப் பொறுப்பாளர். எல்லாம் நல்ல மனதோடு சொன்னவைதான். நல்ல மனது பேசிக்கொண்டிருக்கும்போது மூச்சு காத்திருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். றோட்டில் ஒரு ஓட்டோ இல்லை. நோன்பு திறக்கும் நேரம், ஊரே வீட்டுக்குள் இருந்தது. கல்லூரியில் அப்போது நின்ற ஒரே வாகனம் கோக்கியின் மோட்டார் சைக்கிள்.

அவர் வண்டித் திறப்போடு ஓடி வந்தார். ஏறப் போன நஸ்லியாவை இழுத்துப் பிடித்தேன். அவள் முகம் அவர் முதுகில்தான் சாயும். அந்தச் சேட்டு பின்னேரம் முழுக்க இறால் வடைக்கு முன்னால் நின்ற சேட்டு.

"அண்ணன், சேட்டக் கழட்டுங்க!"

"என்ன மிஸ், விசரா?"

"கழட்டிப் போட்டுட்டு மேல கழுவுங்க! கெதியா!"

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சேட்டைப் பிய்த்து எறிந்தார். சட்டி கழுவும் சவர்க்காரத்தை முதுகிலும் கையிலும் பூசினார், பர்ஹானா வாளியால் அள்ளி ஊற்றினாள். அந்தச் சில விநாடிகளைப் பற்றிப் பிறகு பலரும் என்னைக் கேட்டார்கள். வீண் தாமதம் இல்லையா என்றார்கள். அவசரத்தில் ஓடுவது எல்லோராலும் முடியும். எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்று பார்த்துவிட்டு ஓடுவதுதான் எங்கள் வேலை.

காத்தான்குடிப் பேரீச்ச மரங்களுக்கு நடுவில், வெற்று மேலோடு சாரனை மடித்துக் கட்டிய கோக்கி ஓட்ட, நடுவில் நஸ்லியா, பின்னால் நான். மூன்று பேர் போவது குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கோக்கியைப் பார்த்து, "சேட்டில்லாம..." என்று தொடங்கினார். "இறால் ஒவ்வாமை, தொண்டை அடைக்குது" என்று கத்தினேன். அவ்வளவுதான், அவரே தள்ளுகட்டிலை இழுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார். வாசலில் பெயரும் ஊரும் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். வருத்தத்தை முதலில் சொல்லுங்கள்.

தொடையில் ஊசி போட்டார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீலம் பாய்ந்திருந்த உதட்டில் மெல்ல மெல்ல நிறம் வந்தது. நெஞ்சு உயர்ந்தது, தாழ்ந்தது, திரும்ப உயர்ந்தது. மூச்சு விடுவதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாள் முழுக்க நாம் எல்லோரும் செய்துகொண்டிருக்கும் காரியம். ஒரு பிள்ளை அதைத் திரும்பத் தொடங்குவதைப் பார்க்க எனக்குக் கைகூப்ப வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் கோக்கி நனைந்த சாரனோடு நின்று விம்மி விம்மி அழுதார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டில் வாப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தனிப் பீங்கான் எண்டு சொல்லித்தானே மிஸ் என்ட புள்ளையச் சேத்தீங்க? மறுகா எப்படி இது நடந்த?"

வடையையும் விரலையும் சொன்னேன்.

"ஆரு அந்தப் புள்ள?"

சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். தூணுக்குப் பின்னால் பர்ஹானா நின்றது எனக்குத் தெரியும்.

"சரி, சொல்லாதீங்க. படிப்புப் போனாப் போகட்டும், எனக்குப் புள்ள வேணும். தவணைச் சோதனைய எழுதி முடிக்கட்டும், நோன்பிட கடைசி வெள்ளிக்கு வந்து கூட்டிட்டுப் போறன்."

நஸ்லியா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "வாப்பா, ஒரு தவணைதான் முடிஞ்சிருக்கு. நான் படிக்கோணும்."

"வீட்டில இப்படி ஒரு நாளும் நடந்திருக்கா? உனக்காக உம்மா, உன்ட நானா, தங்கச்சி ஒருத்தரும் இறால் தின்னுறல்ல. இங்க உனக்காக ஆரு விடப்போறாங்க?"

அவர் கேட்டது கோபத்தில். பர்ஹானா அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். கல்லூரிக்குத் திரும்பும் வழியில் என் கையைப் பிடித்தாள்.

"மிஸ், வீட்டில அவளுக்குத் தனிப் பீங்கான் இல்ல. வீட்டில இறாலே இல்ல. நாங்களும் இறால விட்டா என்ன?"

நான் சம்மதிக்கவில்லை. காரணத்தோடுதான். ஒருத்திக்காக எல்லோருடைய கறியையும் நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு. இங்கே இறால் இல்லை என்று வாக்குக் கொடுத்தால் அந்தப் பிள்ளை பயத்தை விட்டுவிடும். வாக்கு ஒரு நாள் பிசகினால் போதும். எச்சரிக்கையோடு இருக்கும் பிள்ளைக்கு வருவதைவிட, நம்பி இருக்கும் பிள்ளைக்கு வரும் ஆபத்து பெரிது. இதைச் சொன்னேன்.

"நீங்க கேக்க வேணாம் மிஸ். நான் கேக்கிறன்."

திங்கள் பகல், தமிழ்ப் பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் அவள் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். நோன்பில் வாடிய முகம். மேசை முழுவதும் இறால் கறி. "நஸ்லியாவ அப்படி ஆக்கினது என்ட கை" என்று தொடங்கினாள். தள்ளிய கோழித் துண்டையும், வாப்பா கேட்டதையும் சொன்னாள். பிறகு, "ஏலுமெண்டா இறால விடுங்க. ஏலாட்டியும் நான் குறை நினைக்க மாட்டன்" என்றாள்.

கடைசி வருடத்துத் தேற்றாத்தீவுப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் இறாலுக்காக என்னோடு நாள்தோறும் சண்டை பிடிப்பவன். அகப்பையில் எத்தனை இறால் ஏறுகிறது என்று எட்டிப் பார்ப்பவன்.

"மிஸ், கூனி?"

"கூனிக்கு என்ன?"

"கூனியும் இறால்தானே? சம்பலுக்க இடிச்சுப் போடுறீங்க. கறிய மட்டும் நிப்பாட்டிக் காணுமா? அதயும் நிப்பாட்டுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, பீங்கானில் மிச்சமிருந்த இறாலை ஒவ்வொன்றாக, நிறைய நேரம் எடுத்து, விடைகொடுப்பது போலத் தின்று முடித்தான். கூடமே சிரித்தது. பிறகு எழுந்து சவர்க்காரம் கேட்டு வாங்கி, தன் மேசையைத் தானே தேய்த்துக் கழுவினான். மற்ற மேசைகளிலும் தேய்க்கத் தொடங்கினார்கள். பசி என்று வந்தால் ஒரு துண்டு மீனுக்கு முறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இவர்கள். எங்கிருந்து வந்தது இவ்வளவு பெரிய மனது? நான் குசினிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று கோக்கியிடம் சொன்னேன். "ஓம் ஓம், வெங்காயம்தான்" என்றார் அவர், வெங்காயமே இல்லாத மேசையைப் பார்த்துக்கொண்டு.

பின்கதவுக்கு வந்த தோணிக்காரரிடம் இனி மீன் மட்டும் போதும் என்றோம். பழைய வெட்டுப் பலகைகளை அடுப்பில் வைத்து எரித்தோம். கூனி இடித்த உரலை வெளியே தள்ளினோம். ஆனால் பிள்ளைகள் வெளியில் கடையில் தின்பதை யார் தடுக்க முடியும்? அதற்கும் பர்ஹானா வழி கண்டாள். சாப்பிட முதல் கூடத்து வாசலில் நிற்பாள். "கையக் காட்டுங்க." எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையை நீட்ட வேண்டும். பெண்பிள்ளைகளின் கையை அவள் மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பாள், பையன்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். இறால் வாடை அடித்தால் திருப்பி அனுப்புவார்கள். "வாறா பொலிஸ்" என்று பையன்கள் பகிடி பண்ணினார்கள். பகிடி பண்ணிக்கொண்டே கையை நீட்டினார்கள்.

நஸ்லியா திரும்பி வந்தாள். ஆனாலும் அடுத்த இரண்டு வெள்ளியும் அவள் சஹனில் இருக்கவில்லை, ஜன்னலோர மேசைக்கே போனாள். பர்ஹானாவும் சஹனில் இருக்கவில்லை. தன் கையை அவளால் நம்ப முடியவில்லை.

கடைசி வெள்ளி. பிள்ளைகள் என்னையும் சஹனுக்கு அழைத்திருந்தார்கள். நஸ்லியாவையும் பர்ஹானாவையும் மற்றவர்கள் பிடிவாதமாக இழுத்து உட்கார வைத்தார்கள். வாப்பா அன்று வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் நல்ல சாறி உடுத்துக்கொண்டு, முக்கியமான ஆள் என்ற நினைப்போடு போனேன். பர்ஹானா எழுந்து வந்தாள்.

"கையைக் காட்டுங்க, மிஸ்."

நீட்டினேன். மணந்து பார்த்தாள். இன்னொரு தரம் மணந்தாள்.

"இறால்?"

"பகல் வீட்டில, மருமகள் ஆக்கினது. சவர்க்காரம் போட்டுத்தான் கழுவின நான். தேசிக்காயும் தேச்சன்."

அவள் கண் கலங்கியது. ஆனால் வழி விடவில்லை.

"குறை நினைக்காதீங்க மிஸ். இண்டைக்கு நீங்க சஹனுக்கு வேணாம்."

அந்தக் கூடத்தின் திறப்பு என் இடுப்பில் தொங்குகிறது. என்னை அங்கே யாரும் ஒரு நாளும் மறித்ததில்லை. வாசலைப் பார்த்தேன். வாப்பா நின்றார், கையில் உடுப்பு அடுக்கும் பெரிய பை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

நான் போய் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தேன். கோக்கி எனக்குத் தனிப் பீங்கானில் சோறு கொண்டுவந்து வைத்தார். அந்த மேசையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். அங்கே இருந்தால் எல்லோரும் தெரிகிறார்கள். சிரிப்புக் கேட்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்பதில்லை. "பரவாயில்ல மிஸ்" என்று அவள் சொன்னது எல்லாம் இந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான். வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. நான் காவல் காத்த பிள்ளையை இப்போது என்னிடமிருந்தே காக்கிறார்கள். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு எந்த மேடையிலும் கிடைக்கவில்லை. உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு பிள்ளை குறுக்கே நின்று மறிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வாப்பா பையை வாசலில் வைத்தார். குழாயடிக்குப் போனார். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். சலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, மகளுக்குப் பக்கத்தில் குந்தி, கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மணந்து பாரு மகள்."

நஸ்லியா வாப்பாவின் விரல்களைப் பிடித்து மணந்தாள்.

"சரி வாப்பா."

பக்கத்தில் பர்ஹானா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சஹனைப் பார்த்தார். அதில் கிடந்த மிக நல்ல கோழித் துண்டு நஸ்லியாவின் பக்கம் இருந்தது. அதை விரலால் மெல்ல, சோற்றின் மேலாகத் தள்ளிக்கொண்டு போய் பர்ஹானாவின் முன்னால் விட்டார்.

"தின்னு மகள்" என்றார்.

பர்ஹானா அதைக் கையில் எடுக்கும் வரைக்கும் இருந்துவிட்டு எழுந்தார். என் மேசையைக் கடக்கும்போது தலையை மட்டும் அசைத்தார். வாசலில் வைத்த பையை எடுத்தார். அது இன்னும் வெறும் பைதான். அப்படியே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடையைப் பார்க்கப் போனார்.